பழைய புல்லட்டும் பாவப்பட்ட கார்புரேட்டரும்

"வண்டி முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது."

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லும் வசனம் இது. ஊர் ஊராகப் போய்க் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "கார்புரேட்டர்ல அழுக்கு இருக்கும் சார், கழட்டிப் பார்த்துடலாம்." கழற்றுவார்கள், பெட்ரோலில் கழுவுவார்கள், வாயால் ஊதுவார்கள். மாட்டினால் இரண்டு நாள் நன்றாக ஓடுவது போல இருக்கும். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி!

அடுத்த தடவை புது கார்புரேட்டர். அதற்கு அடுத்து காயில். அப்புறம் பிஸ்டன், ரிங், ரீபோர் என்று லேத் பட்டறை வரை போய், கடைசியில் "இது இனிமே இப்படித்தான் சார்" என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்பா ஓட்டிய வண்டியாக இருக்கும், தாத்தா ஓட்டிய வண்டியாகக்கூட இருக்கும். வெறும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி தப்பாக இருந்ததற்காக வீட்டை விட்டுப் போன புல்லட்டுகள் எத்தனையோ!

இங்கே பேசப்படுவது புது புல்லட் இல்லை. 1955-ல் சென்னையில் ஆரம்பித்து, 2010 வாக்கில் விடைபெற்ற பழைய வார்ப்பிரும்பு என்ஜின் வண்டி. அதிலும் வலது கால் கியர், சிபி பாயின்ட், ஹெட்லைட் மேல் ஆம்ப் மீட்டர் இருக்கும் ரகம். 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். இவ்வளவு பெரிய உடம்புக்கு மொத்தமே 18 குதிரைத்திறன்தான். இன்றைய 125 சிசி வண்டிகளே 11 பக்கம் தருகின்றன. அந்தப் பதினெட்டில் மூன்று நான்கு குதிரை ஓடிப்போனால் ஏற்காடு ஏறும்போது உடனே தெரிந்துவிடும்.

ஆனால் எந்தக் குதிரை எந்த வழியாக ஓடியது என்று தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கார்புரேட்டர் அந்த வரிசையில் கடைசி.

முதலில் குற்றம் என்ஜினுடையதுதானா என்று பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம் ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். இதற்கு ஐந்து நிமிஷம் போதும். இதைக்கூடப் பார்க்காமல் ரீபோர் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து கம்ப்ரஷன். இதற்குக் கருவியே வேண்டாம், கிக்கர் மேல் ஏறி நின்றால் போதும். நல்ல என்ஜின் ஆளை ஓரிரு விநாடி தாங்கிப் பிடித்து மெதுவாக இறக்கும். 'புஸ்' என்று உடனே இறங்கினால் எங்கோ கசிகிறது. அப்போதும் பிஸ்டன் மேல் பாயக் கூடாது. டீகம்ப்ரஷர் கேபிள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலே அந்த குட்டி வால்வு முழுசாக மூடாது. அதைத் தளர்த்திவிட்டு மறுபடி ஏறி நின்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டுப் பார்ப்பது. கம்ப்ரஷன் கூடினால் ரிங்கில் கோளாறு, கூடவில்லை என்றால் வால்வில்.

வால்வு என்றதும் டேப்பெட். இந்த என்ஜினில் "டக் டக்" சத்தம் கேட்பது ஒரு குற்றமே இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொல்லிவிடுவார், உடனே டேப்பெட்டை இறுக்கச் சொல்வார்கள். சத்தம் போய்விடும், கூடவே இழுவையும். இறுக்கிய வால்வு சூட்டில் முழுசாக உட்காராது, எக்ஸாஸ்ட் வால்வு கருகிப் போகும். சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒற்றை நட்டில் நிற்கும் மூடியைக் கழற்றி, என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு.

இப்போது பெரிய குற்றவாளிக்கு வருவோம். வலது பக்கம் வட்ட மூடிக்குள் ஒளிந்திருக்கும் சிபி பாயின்ட்.

பாயின்ட் இடைவெளி முழுசாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். கேம் மேல் உரசும் அந்தக் குதிகால் ஓட ஓடத் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி சுருங்குகிறது. இடைவெளி சுருங்கினால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாக வரும். கலவை எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் பாதி தூரம் கீழே போயிருக்கும். தள்ள வேண்டிய சூடு தள்ளாமல் சைலன்சர் வழியாக வெளியே போகிறது. பெண்ட் பைப் நீலம் பாரிப்பது, என்ஜின் அநியாயத்துக்குச் சூடாவது, மைலேஜ் குறைவது எல்லாம் இதனால் வரலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தீப்பொறி தாமதமானால் கிக்கர் திருப்பி அடிக்காது, ஐடிலிங்கில் "டுக்... டுக்... டுக்..." என்று நிறுத்தி நிதானமாக அழகாகப் பேசும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. அதைவிடக் கொடுமை, அந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டு டைமிங்கைப் பின்னால் தள்ளச் சொல்கிறவர்களும் உண்டு. டீக்கடை வாசலில் நின்று துடிக்கும்போது ராஜா, மேம்பாலம் ஏறும்போது கூஜா :-)

டைமிங் பார்க்கவும் பெரிய கருவி வேண்டாம், வண்டியிலேயே கொடுத்திருக்கிறார்கள். பிளக்கைக் கழற்றி, சாவியைப் போட்டு, என்ஜினை மெதுவாகச் சுற்ற வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். திறக்கும் நொடியில் நடுவுக்கு வந்துவிடும். முள் நடுவுக்கு வரும் அந்த இடத்தில் பிஸ்டன் உச்சியை எட்ட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். சைக்கிள் ஸ்போக்கை பிளக் ஓட்டையில் விட்டு அடையாளம் வைத்துப் பார்த்த மெக்கானிக்குகள் அந்தக் காலத்தில் நிறைய. ஒன்றே ஒன்று, இடைவெளியைச் சரி செய்த பிறகுதான் டைமிங். மாற்றிச் செய்தால் இரண்டும் கெட்டுவிடும்.

கண்டென்சர் இன்னொரு கள்ளன். காலையில் நல்ல பிள்ளையாக ஓடி, கால் மணி நேரத்தில் சூடானதும் மிஸ்ஸிங் அடிக்க வைப்பான். ஆற வைத்தால் மறுபடி நல்ல பிள்ளை. பாயின்ட் முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால் இவன் மேல் சந்தேகப்படலாம். ஆனால் புதுசாக வாங்கிய கண்டென்சரும் கெட்டதாக இருக்கலாம் என்பதால் பழையதைத் தூக்கிப் போடக் கூடாது.

அப்படியானால் கார்புரேட்டரைக் கழுவியதும் இரண்டு நாள் வண்டி ஓடியதே, அது எப்படி? அந்தச் சாக்கில் பிளக்கைக் கழற்றித் துடைத்து இடைவெளி வைத்திருப்பார்கள், ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றியிருப்பார்கள். பெயர் மட்டும் கார்புரேட்டருக்கு.

இதற்காக மெக்கானிக்குகளைத் திட்டுவது சுலபம். ஆனால் யோசித்துப் பார்த்தால் தப்பு அவர்கள் பக்கம் பாதிகூட இல்லை. ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஃபீலர் கேஜும் ஸ்க்ரூ டிரைவருமாகப் பாயின்ட்டைச் சரி செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பார்ட்ஸ் ஒன்றுமில்லை. ஐநூறு ரூபாய் கேட்டால் வண்டிக்காரர் என்ன சொல்வார்? "ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினதுக்கு ஐநூறா?" அதே ஆள் மூவாயிரத்துக்கு புது கார்புரேட்டர் மாட்டினால் பேசாமல் கொடுத்துவிட்டுப் போவார். கையில் ஒரு டப்பா, ஒரு பில் வந்துவிட்டதே! கோளாறைக் கண்டுபிடிப்பதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று வண்டிக்காரர்கள் ஒப்புக்கொள்ளாதவரை மெக்கானிக் பார்ட்ஸைத்தான் மாற்றுவார். தேடத் தெரிந்த பெரியவர்கள் கடையை மூடிக்கொண்டு போவதற்கும், அவர்களிடம் கற்றுக்கொள்ளப் பையன்கள் வராததற்கும் இதுவும் ஒரு முக்கியமான காரணம். சொந்தமாக வண்டியைக் கழற்றும் மாணவர்களும் யோக்கியம் இல்லை. பிளக், ஜெட், ஃபில்டர், சைலன்சர் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிட்டு, எதனால் கெட்டது எதனால் சரியானது என்று தெரியாமல் முழிப்பார்கள். ஒரு தடவைக்கு ஒன்று மாற்றி ஓட்டிப் பார்ப்பதற்குப் பொறுமை இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பெட்ரோல் பக்கம் வர வேண்டும். கொஞ்ச தூரம் ஓடி நின்றுபோய், டேங்க் மூடியைத் திறந்ததும் ஓடினால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. கார்புரேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் சேருமிடத்தில் காற்று புகுந்தாலும் இழுவை போகும். நட்டை முரட்டுத்தனமாக இறுக்கி அந்த முகப்பு வளைந்துபோன வண்டிகள் ஏராளம். கார்புரேட்டருக்குள்ளும் திராட்டில் எவ்வளவு திறக்கும்போது தகராறு என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஆரம்பத்தில் என்றால் பைலட் ஜெட், நடுவில் என்றால் ஊசி, முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட்.

இத்தனை நாள் அநியாயமாகப் பழி சுமந்த கார்புரேட்டருக்கு இப்போது நிஜமாகவே ஒரு வழக்கு வந்திருக்கிறது. 2023-ல் அறிமுகமாகி 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல். வெறும் பெட்ரோலில் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 போதும். பழைய ஜெட்டுக்கு இது தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும். அதனால் கலவை நீர்த்துப் போகிறது, பிளக் வெளுக்கிறது, என்ஜின் சூடாகிறது. பழைய ரப்பர் வாஷர்கள் ஊறிப் பெருக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுப்பதால் மாசக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க்கில் துருவும் சேரும். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குவது, தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுவது என்று இதற்கு வழி இருக்கிறது.

ஆனால் பிளக் வெளுத்திருக்கிறது என்று பார்த்ததுமே ஜெட் வாங்க ஓட வேண்டாம். காற்று கசிந்தாலும் பிளக் அப்படித்தான் வெளுக்கும்.