'கேன்சர் போயிடுச்சு... ஆனா டாய்லெட் பயம் போகலையே!' - யாரும் பேசாத 'லார்ஸ்' பிரச்னை

'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட்டில் இறந்தபோது அவருக்கு வயது 43. பெருங்குடல் புற்றுநோய் மூன்றாம் நிலையில் இருப்பது 2016-லேயே தெரிந்தும், வெளியில் சொல்லாமல் நடித்துக்கொண்டிருந்தார். 'இது வயசானவங்களுக்கு வர்ற நோயாச்சே?' என்று பலரும் அதிர்ந்தார்கள். ஆனால், பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்தப் புற்றுநோய் கூடிக்கொண்டே வருகிறது. அமெரிக்காவில் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 2021-ல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்ததற்கும் இதுதான் காரணம்.

இளம் வயதில் நோய் வந்து குணமானால், அதற்குப் பிறகு வாழ வேண்டிய வருஷங்களும் அதிகம். வேலை, கல்யாணம், பயணம் எல்லாம் அதுக்குள்ளதான் வரும். அந்த வாழ்க்கையை முடக்கிப்போடுற ஒரு விஷயத்தைப் பத்தித்தான் யாரும் வாயே திறக்கறதில்லை. அது, மோஷன்!

அப்படி என்னதான் ஆகுது?

மலக்குடலை ஒரு தொட்டி மாதிரி நினைச்சுக்கோங்க. மலத்தைத் தேக்கி வைக்கும். வருவது வாயுவா, மலமா என்று பிரித்துச் சொல்லும். 'இப்ப வேணாம், வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட உதவும். அங்கே புற்றுநோய் வந்தால், பலருக்கு அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, மேலே இருக்கும் பெருங்குடலைக் கீழே இழுத்து இணைக்கிறார்கள். ஆனால், அந்தப் பெருங்குடலால் பழைய தொட்டி அளவுக்குத் தேக்க முடியாது. ரேடியேஷனும் கொடுத்திருந்தால், சுற்றியுள்ள தசையும் நரம்பும் பலவீனமாகலாம்.

விளைவு? ஒரு தடவை போய்விட்டு வந்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் திரும்பவும் வரும். வந்தால் அடக்க முடியாது. சில நேரம் தெரியாமலே கசிந்துவிடும். இந்தத் தொந்தரவுகளுக்கு மருத்துவத்தில் 'லோ ஆன்டீரியர் ரீசெக்‌ஷன் சிண்ட்ரோம்', சுருக்கமாக 'லார்ஸ்' என்று பெயர். இப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பத்துக்குச் சுமார் நான்கு பேருக்கு இது தீவிரமாகவே இருக்கிறது என்கின்றன ஆய்வுத் தொகுப்புகள். முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் பலருக்குக் குறையும்; சிலருக்குத் தொடரும்.

ஏன் யாரும் சொல்றதில்லை?

செக்கப்பில் ஸ்கேன் பார்க்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள். 'எல்லாம் கிளீனா இருக்கு' என்று டாக்டர் சிரிக்கும்போது, 'ஒரு நாளைக்குப் பத்து தடவை போறேன் சார்' என்று சொல்ல நாக்கு எழாது. 'உயிர் பிழைச்சதே பெருசு, இதெல்லாம் ஒரு பிரச்னையா?' என்று வீட்டிலும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் வெளியே கிளம்பும் நாளில் சாப்பிடாமல் பட்டினி கிடப்பது, பஸ் பயணத்தையும் கல்யாண வீட்டையும் தவிர்ப்பது, கடைசியில் வேலையையே விடுவது என்று வாழ்க்கை சுருங்கிப்போகிறது.

சொல்லக் கூச்சமா? அதற்கும் வழி இருக்கு. டென்மார்க் மருத்துவர்கள் 2012-ல் வெளியிட்ட 'லார்ஸ் ஸ்கோர்' வெறும் ஐந்து கேள்விகள்தான். மொத்தம் 42 மதிப்பெண். 30 அல்லது அதற்கு மேல் வந்தால் தீவிரம். 'எனக்கு லார்ஸ் ஸ்கோர் பார்க்க முடியுமா டாக்டர்?' என்று மட்டும் கேளுங்க, பேச்சு தானா ஆரம்பிச்சிடும்.

என்ன செய்யலாம்?

* என்ன சாப்பிட்டீங்க, எத்தனை தடவை போனீங்க என்று போன்லயே ரெண்டு வாரம் குறிச்சு வைங்க. காரமா, காபியா, பாலா... உங்களுக்கு எது ஒத்துக்கலைன்னு அதுவே காட்டிக்கொடுக்கும்.
* பட்டினி வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்குச் சாப்பிடுங்க.
* இசப்கோல் மலத்தைக் கெட்டிப்படுத்த உதவும். லோபரமைடு மாத்திரை குடலின் வேகத்தைக் குறைக்கும். ரெண்டையுமே டாக்டரிடம் கேட்டு, அளவு தெரிந்து எடுக்கணும்.
* இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்க.
* அடிக்கடி போவதால் தோல் புண்ணாகும். தேய்க்காமல், தண்ணீரில் கழுவி ஒற்றியெடுங்க.
* இதுக்கெல்லாம் அடங்கலைன்னா, ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் குடலைச் சுத்தம் செய்யும் முறை, நரம்புத் தூண்டல் சிகிச்சை என்று அடுத்த கட்டங்களும் இருக்கு. எதுவுமே பலிக்காதபோது, ஸ்டோமா பைதான் நிம்மதி என்று விரும்பித் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, திடீர் மாற்றம் தெரிந்தால் 'இது லார்ஸ்தான்' என்று நீங்களே முடிவு பண்ணாதீங்க. டாக்டரைப் பாருங்க.

கதவைத் திறக்க ஒரு சட்டம்

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், குடல் நோயுள்ள 14 வயதுப் பெண் ஒருத்திக்குக் கடை ஒன்றில் கழிப்பறையைத் தர மறுத்தார்கள். அவள் விடவில்லை. 2005-ல் அங்கே 'ஆலி சட்டம்' வந்தது. இப்படிப்பட்ட நோயுள்ளவர் கேட்டால், சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஊழியர்களுக்கான கழிப்பறையையும் கடைக்காரர் திறந்துவிடணும். பிறகு வேறு பல மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைகளை நினைச்சுப் பாருங்க. சுத்தமான, பூட்டிக் கிடக்காத ஒரு கழிப்பறை இல்லைன்னா, மருந்து மாத்திரையை மட்டும் நம்பி இவங்க வெளியே வர முடியாது.

உங்க ஆபீஸ்லயும் சிகிச்சை முடிஞ்சு வேலைக்குத் திரும்பின ஒருத்தர் இருக்கலாம். மீட்டிங் நடுவில் அவர் எழுந்து போனால் ஏன் எதுக்குன்னு கேட்காதீங்க. கழிப்பறைக்குப் பக்கத்துல இருக்குற சீட்டை அவருக்குக் கொடுங்க, போதும்.