பயிற்சி யாருக்கு? குண்டு யார் மீது?

2025 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் இந்திய சர்க்காரும் இலங்கை சர்க்காரும் ராணுவ ஒத்துழைப்பு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. பிரதமர் மோடியும் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவும் பக்கத்தில் இருந்தார்கள். கைகுலுக்கல் நடந்தது, படம் எடுத்தார்கள். ஆனால் உடன்பாட்டின் வாசகத்தை அன்று மக்கள் முன் வைக்கவில்லை. பயங்கரவாத எதிர்ப்பு, எல்லைப் பாதுகாப்பு, பயிற்சி: வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள்தான்.

நடவு வயலில் நிற்கிற நமக்கும் ஆலையில் தறியோட்டுகிற நமக்கும் இதில் என்ன வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வேதாரண்யத்திலும் நாகப்பட்டினத்திலும் கடலுக்குப் போகிறவன் நம் அண்ணன் தம்பி. அக்கரையில் துப்பாக்கியோடு நிற்கிறவனுக்கு யார் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது நம் வீட்டு விஷயம். இந்தப் பயிற்சி வியாபாரத்தின் சரித்திரமும் தஞ்சை மண்ணைத் தொட்டுத்தான் போகிறது.

பட்டுக்கோட்டைத் தாலுகா தம்பிக்கோட்டையில் பிறந்தவர் தோழர் கணபதி. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஆயிரக்கணக்கான தஞ்சை ஏழைகளின் பிள்ளைகளில் ஒருவர். மலாயாவில் தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவரையும் ஒரே சங்கத்தில் சேர்த்த அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் பிரிட்டிஷார் அங்கே அவசரநிலை பிரகடனம் செய்தார்கள். ரப்பர் முதலாளிகளின் லாபத்துக்கு ஆபத்து வந்ததை நாட்டுக்கே ஆபத்து என்றார்கள். 1948 டிசம்பர் 12ஆம் தேதி பத்தாங்காலி என்ற தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 கிராமத்தாரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக்கொன்றார்கள். 1949 மே 4ஆம் தேதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காகக் கணபதியைக் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய சர்க்கார் கேட்டுக்கொண்டதும் காதில் ஏறவில்லை. அதற்கு முந்தின நாள் தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? மலபார் போலீஸ் என்றால் கீழத்தஞ்சைச் சேரிகளில் இன்றும் பாட்டிமார் கதை சொல்வார்கள். 1921இல் மாப்பிள்ளை விவசாயிகளை ஒடுக்கப் பிரிட்டிஷ் அதிகாரிகள் திரட்டிப் பழக்கிய படை அது. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தப் படை போகவில்லை. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக நிமிர்ந்த பண்ணையாட்கள் மீது அதை அவிழ்த்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து செங்கொடி பிடித்த வாட்டாக்குடி இரணியனும், ஜாம்பவானோடை சிவராமனும் 1950 மே மாதம் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். மலாயாவில் தூக்கு, தஞ்சையில் துப்பாக்கி. ஒரே தாலுகாப் பக்கத்துப் பிள்ளைகள், ஓராண்டு இடைவெளி.

மலாயாதான் இவர்களுக்குப் பள்ளிக்கூடம். யுத்தம் முடிந்ததும் கலைக்கப்பட்ட எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் விசேஷப் படை மலாயாக் காட்டு வேட்டைக்காகத்தான் 1950இல் திரும்ப உயிர் பெற்றது. ஐந்து லட்சம் பேரைக் குடிசையைக் கொளுத்தி விரட்டி, முள்வேலிக்குள் 'புதுக் கிராமம்' என்று அடைத்தார்கள். கெரில்லாவுக்கு அரிசி போகக்கூடாதாம்! அந்த வித்தை பிறகு வியட்நாமுக்குப் போயிற்று. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: 1967 முதல் மிசோ மலைகளில் கிராமங்களைப் பெயர்த்துத் துருப்புகளின் காவலில் திரட்டி வைத்தபோது, நம் சர்க்காரும் அதே ஏட்டைத்தான் புரட்டியது. அந்த மிசோரத்தில் வைரங்டே என்ற ஊரில் உள்ள காட்டு யுத்தப் பள்ளிக்கு வெளிநாட்டுச் சிப்பாய்களும், அமெரிக்கர்கள் உட்பட, வந்து படித்துப் போயிருக்கிறார்கள்.

இனி இலங்கைக்கு வருவோம்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள்; பலர் அகதிகளாக நம் கரைக்கு வந்தார்கள். ஜெயவர்த்தனா சர்க்கார் என்ன செய்தது? கொளுத்தியவனைப் பிடிக்க அல்ல, எதிர்த்தவனை ஒடுக்க ஒரு புதுப் படை வேண்டுமென்று வெளிநாட்டில் ஆள் தேடியது. ஜனாதிபதியின் மகன் ரவி ஜெயவர்த்தனாதான் அதற்குப் பொறுப்பு. பிரிட்டிஷ் சர்க்கார் தன் யூனிபாரத்தோடு ஆள் அனுப்பவில்லை. ஓய்வு பெற்ற எஸ்.ஏ.எஸ். அதிகாரிகள் நடத்திய கே.எம்.எஸ். என்ற கம்பெனி வந்தது. கீனி மீனி சர்வீசஸ் என்பது அதன் முழுப் பெயர். கேட்டால் குழந்தை விளையாட்டுப் போல இருக்கிறது! புல்லுக்குள் பாம்பு சத்தமில்லாமல் ஊர்வதைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாம் அது. கென்யாவில் மவ் மவ் விவசாயிகளைப் பிரிட்டிஷார் வேட்டையாடிய காலத்து வழக்கு என்கிறார்கள். பேர் வைத்தவனுக்குத் தன்னைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இந்தக் கூலிப்படை முதலாளிகள் பழக்கியதுதான் எஸ்.டி.எஃப். என்ற விசேஷ அதிரடிப் படை. பெயருக்கு அது போலீஸ். களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்தையில் அதன் பயிற்சிப் பள்ளி. 1984 முதல் அதை மட்டக்களப்புப் பக்கம் இறக்கினார்கள். கம்பெனியின் விமானிகள் ஹெலிகாப்டரும் ஓட்டினார்கள். 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் இலங்கைக்கு வந்து, பிரிட்டிஷ் பணத்தில் கட்டிய விக்டோரியா அணையைத் திறந்துவைத்தார். மேடையில் பாசனம், மறைவில் பாயனெட்டு! கேட்டால், அது தனியார் கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பார்கள். பண்ணையார் அடியாளை வைத்து அடிப்பார். கேட்டால் நான் வீட்டில் தூங்கினேன் என்பார். நமக்குப் புதிதா இது?

1987 ஜனவரி 28ஆம் தேதி மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைக்கு அதிரடிப் படை போயிற்று. மகிழடித்தீவில் ஓர் இறால் பண்ணை இருந்தது. அங்கே கூலிக்கு வேலை செய்த தொழிலாளர்களைப் பிடித்துக் கொன்றார்கள். ஊரார் கணக்கில் எண்பதுக்கு மேல். இறால் பண்ணை என்றால் நம் நாகை மாவட்டத்து ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலத்தையும் நிலத்தடி நீரையும் உப்பாக்கிய அந்தப் பண்ணைகளில், வேறு வழியில்லாமல் நம்மவரும் கூலிக்குப் போனவர்கள்தாமே. அப்படி அன்றாடக் கூலிக்குப் போனவர்கள்தான் அங்கே செத்தவர்கள். அவர்களைத்தான் 'பயங்கரவாதிகள்' என்று கணக்கில் எழுதினார்கள்.

இதற்கு யார் பதில் சொன்னார்? முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பில் மில்லர் பழைய சர்க்கார் காகிதங்களைத் தோண்டி 2020இல் புத்தகம் எழுதினார். அந்த ஆண்டில்தான் லண்டன் போலீஸ் இந்தக் கம்பெனி ஆட்களின் யுத்தக் குற்றங்கள் பற்றி விசாரணை தொடங்கியது. இதற்கிடையில் இலங்கை சம்பந்தமான ஏறத்தாழ இருநூறு பழைய ஃபைல்களைப் பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகாவே அழித்துவிட்டிருந்தது. திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2ஆம் தேதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், அதிரடிப் படையினர் உள்ளிட்ட 13 பேரை 2019இல் கோர்ட்டு விடுதலை செய்தது. சாட்சிகள் நாட்டைவிட்டு ஓடிய வழக்கு அது.

தமிழனைச் சுடப் பழகியவன் தமிழனோடு நிற்பானா? 1987க்கும் 1989க்கும் இடையில் தெற்கே பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். சாலையோரம் டயர் போட்டு எரித்தார்கள், ஆற்றில் பிணம் மிதந்தது. ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைகள், பள்ளிக்கூடத்து மாணவர்கள். அன்று வேட்டையாடப்பட்ட கட்சி ஜே.வி.பி. அந்தக் கட்சியின் தலைவர்தான் 2025இல் ஜனாதிபதியாக உட்கார்ந்து உடன்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்சியும் கை சுத்தமானதல்ல. தொழிற்சங்கத் தோழர்களையும் இடதுசாரிகளையும் அவர்கள் சுட்டதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறோம்: படைக்குப் பயிற்சி என்றால் என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

பிரிட்டிஷாரோடு நிற்கவில்லை. 1984இல் இஸ்ரேலியர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நம் மீனவர்கள் 'டோரா' என்று சொல்லிப் பதறுகிற படகு இஸ்ரேல் செய்தது. 1990களில் அமெரிக்க விசேஷப் படையினர் வந்து பழக்கினார்கள். இலங்கைக் கடற்படையின் 'சமுதுர' என்ற கப்பல் முன்பு அமெரிக்கக் கடலோரக் காவல் படையிலிருந்தது. 'சயுர' என்ற கப்பல் முன்பு நம் கடற்படையின் 'சரயு'. 2011 ஜனவரியில் பத்து நாள் இடைவெளியில் ஜெகதாப்பட்டினத்து மீனவர் ஒருவரும் வேதாரண்யத்தை அடுத்த புஷ்பவனத்து மீனவர் ஒருவரும் கடலில் கொல்லப்பட்டார்கள். செய்தது இலங்கைக் கடற்படை என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். கடற்படை மறுத்தது. எந்தக் கப்பல், எந்தப் படகு என்று நாம் சொல்ல வரவில்லை. நம் வரிப்பணத்தில் கட்டிய கப்பலும் அந்தக் கடற்படையில் இருந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

இதில் ஒரு நியாயத்தையும் பேசியாக வேண்டும். இழுவைமடி போட்டுக் கடலின் அடியைச் சுரண்டுகிற விசைப்படகு முதலாளியால் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவனின் வலை அறுகிறது, வயிறு காய்கிறது. அந்த முதலாளி கரையில் இருக்கிறார். பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவன் பங்குக்கு வேலை செய்யும் கூலி மீனவன். இரு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு இது. இதைக் கூட்டுக் கடற்படைப் பயிற்சி தீர்க்குமா?

நம் சர்க்காரின் கதை இன்னும் வினோதம். 1983க்குப் பிறகு அதே டில்லி தமிழ் இளைஞர்களுக்கும் ரகசியமாக ஆயுதப் பயிற்சி கொடுத்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் தோப்புக்குள் முகாம்கள் இருந்ததை அந்தப் பக்கத்து ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். விடுதலைக்கு வந்த பிள்ளைகள் சிலர் அங்கே தங்கள் தலைமையின் கையாலேயே சித்திரவதைப்பட்டு மாண்டார்கள். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு போன இந்திய ராணுவம், தான் பழக்கியவர்களோடேயே சண்டையிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஈழத் தமிழ் ஜனங்கள் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதை யார் எண்ணினார்?

நீலகிரி வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் கல்லூரி இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அங்கே படித்த இலங்கை அதிகாரி கோத்தபய ராஜபக்ச. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார். 2009இல் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தபோது அவர்தான் பாதுகாப்புச் செயலாளர். அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. 2012இலும் 2013இலும் இலங்கைப் படையினரைத் தாம்பரத்துக்கும் வெலிங்டனுக்கும் பயிற்சிக்குக் கொண்டுவந்தபோது தமிழ்நாடு கொதித்ததே, காரணமில்லாமலா? தாம்பரத்திலிருந்து தூக்கிப் பெங்களூருக்கு மாற்றினார்கள், பயிற்சியை நிறுத்தவில்லை. இடத்தை மாற்றினால் விஷயம் மாறிவிடுமா?

அதே வெலிங்டனில் 1973இல் படித்தவர் நைஜீரியாவின் முகமது புஹாரி. 1983 டிசம்பர் 31ஆம் தேதி அங்கே தேர்ந்தெடுத்த சர்க்காரைக் கவிழ்த்து ராணுவம் அவரை ஆட்சியில் வைத்தது. வெலிங்டனில் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பாடம் நடத்தினார்கள் என்று நாம் சொல்லவில்லை. படைக்கு மேலே மக்கள் இல்லாத நாட்டில், கூர்தீட்டிய கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று தீட்டியவனுக்கே தெரியாது என்கிறோம்.

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். சகாரா பாலைவனத்தின் தென்கரை நாடுகளில் அமெரிக்கா 2002 முதல் 'பயங்கரவாத எதிர்ப்பு', 'எல்லைக் காவல்' என்று பயிற்சி நடத்தியது. மாலியில் 2012இல் ஆட்சியைக் கவிழ்த்த கேப்டன் சனோகோ அமெரிக்காவில் படித்தவர். 2020இல் கவிழ்த்த கோய்த்தா அமெரிக்க விசேஷப் படையோடு பழகியவர். 2021 செப்டம்பரில் கினியாவில் டும்பூயா ஜனாதிபதியைப் பிடித்தபோது அமெரிக்கப் பயிற்சியாளர்கள் அந்த நாட்டிலேயே இருந்தார்கள். 2022 ஜனவரியில் புர்க்கினா பாசோ. 2023 ஜூலையில் நைஜர். நைஜரின் அகதேஸில் 11 கோடி டாலர் கொட்டிக் கட்டிய விமானத் தளத்தை விட்டு 2024இல் அமெரிக்கர் மூட்டை கட்டினார்கள். மாலியில் பிரெஞ்சுக்காரர் போன இடத்தில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை வந்தது. 2022 மார்ச்சில் மௌரா கிராமத்தில் மாலிப் படையும் அவர்களும் சேர்ந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். கூலிப்படைக்கு எந்தக் கொடி கட்டினாலும் கிராமத்தான் கண்ணுக்கு அது கூலிப்படைதான். இத்தனை பயிற்சிக்கும் பிறகு அங்கே பயங்கரவாதம் குறைந்ததா? பெருகியது! தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் அடித்துக்கொள்ளும் ஏழைகளிடம் எந்தப் பயிற்சியாளரும் கிணறு வெட்டக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆகவே டில்லி சர்க்காரைக் கேட்கிறோம். 2025 ஏப்ரல் உடன்பாட்டின் முழு வாசகமும், அதன் கீழ் நடக்கும் ஒவ்வொரு பயிற்சியும் பார்லிமெண்டின் மேஜைக்கு வரட்டும். யாருக்கு, எந்தப் படைப்பிரிவுக்கு, எதைக் கற்றுக்கொடுக்கிறீர்கள்? கொக்கட்டிச்சோலையிலும் திருகோணமலையிலும் குற்றம் சாட்டப்பட்ட அதிரடிப் படைக்கு இந்த மண்ணில் இடமுண்டா, இல்லையா? எல்லைக் காவல் என்ற பெயரில் கடலில் சுடக் கற்றுக்கொள்கிறவனுக்கு, சுட்டால் எந்தக் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்பதும் உடன்பாட்டில் எழுதியிருக்கிறதா?

பிரிட்டிஷ் சர்க்கார் அழித்ததுபோக மிச்சமிருக்கும் ஃபைல்களைத் திறக்கட்டும். லண்டன் போலீசின் விசாரணை கோர்ட்டு வாசலுக்குப் போகட்டும். பத்தாங்காலி வழக்கைப் பிரிட்டிஷ் நீதிபதிகள் 2015இல், காலம் கடந்துவிட்டது என்று தள்ளினார்கள். மகிழடித்தீவுக்கும் அதே பதில் வருமுன் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். வேதாரண்யத்திலிருந்தும் நாகையிலிருந்தும் மீனவர் சங்கங்களும், வயல்வெளியிலிருந்து விவசாயத் தொழிலாளர் சங்கங்களும், ஆலைவாசல்களிலிருந்து தொழிற்சங்கங்களும் தங்கள் கிளைக் கூட்டங்களில் இந்தக் கேள்விகளைத் தீர்மானமாக்கி அவரவர் பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் நேரில் கொடுக்கட்டும். வாங்கிக்கொண்டு அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். நம் பத்திரிகை பிரசுரிக்கும்.