கொல்லச் சொல்லும் மனுவும் போடாத ஊசியும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வலிகாமத்துக் கிராமமொன்றிலிருந்து பன்னிரண்டு பேர் என் அலுவலகத்துக்கு வந்திருந்தனர். அவருள் எண்மர் கமக்காரர், இருவர் ஆசிரியர், ஒருவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், மற்றவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர். சில மாதங்களுக்கு முன் அவர்களுடைய ஊரில் நாயொன்று விசர் பிடித்துத் திரிந்து, தோட்டத்தில் கட்டியிருந்த கறவைப் பசுவையும், பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமி ஒருத்தியையும் கடித்துவிட்டது. சிறுமியின் தாய் அறிவுடையவள். காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, அந்த நேரமே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றாள். பிள்ளை ஊசிகளெல்லாம் பெற்று இன்று நலமாயிருக்கிறாள். பசுவுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சில கிழமைகளில் அது தீனி மறுத்து, கதறி, எச்சில் வடித்துச் செத்தது.

வந்தவர்கள் வேண்டியது ஒரு மனு. ஊரிலுள்ள கட்டாக்காலி நாய்களையெல்லாம் பிடித்துக் கொன்றொழிக்க வேண்டுமென்று பிரதேச சபைக்கு எழுத வேண்டும். சட்டம் படித்தவன் எழுதினால் அதற்கு வலு உண்டு என்பது அவர்களின் எண்ணம்.

மனு எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டேன். “உங்கள் வளவு நாய்க்குச் சென்ற ஓராண்டுக்குள் விசர்நாய்த் தடுப்பூசி போட்டவர்கள் கையை உயர்த்துங்கள்.” பன்னிரண்டு பேரில் பதினொருவர் நாய் வளர்ப்பவர்கள். உயர்ந்த கைகள் இரண்டு! மற்றொரு கேள்வியும் கேட்டேன். “பசுவைக் கடித்த நாய் யாருடையது?” சற்று நேரம் மௌனம். பிறகு ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், “தம்பி, அது கட்டாக்காலியன்று. எங்களூர் வளவொன்றில் சோறு தின்ற நாய்தான். கழுத்தில் பட்டியும் கிடந்தது” என்றார்.

அந்த மனுவை நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதை அப்பன்னிருவருக்கு மட்டுமன்றி, படித்தவர், பாடுபடுபவர் என்ற வேறுபாடின்றித் தமிழ் மக்கள் அனைவருக்கும் கூறுவது என் கடமையெனக் கருதுகிறேன்.

கொல்லுங்கள் என்று கேட்பவர்கள் புதிய மருந்தொன்றைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். இந்நாட்டில் விசர்நாய்க்கடி நோய்க்கெனச் சட்டம் இயற்றப்பட்டது 1893 ஆம் ஆண்டு. நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901 ஆம் ஆண்டு வந்தது. அன்று தொடங்கித் தலைமுறை தலைமுறையாகத் தெருநாய்களைப் பிடித்தார்கள், கொன்றார்கள். கண்ட பயன் யாது? எண்பது ஆண்டுகள் கழித்து, 1973 ஆம் ஆண்டில், இந்நோயினால் இலங்கையில் மாண்டவர்கள் 377 பேர். கொலையே மருந்தாயின் அந்த எண்பது ஆண்டில் நோய் குணமாகியிருக்க வேண்டுமன்றோ?

அதன் பின்னர்தான் நாய்களுக்கு ஊசி போடும் வேலை நாடெங்கும் விரிந்தது. கடியுண்ட மனிதருக்குச் சிகிச்சையும் எட்டத் தொடங்கியது. மரணம் படிப்படியாக இறங்கியது. 2006 ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்லுதல் அரசாங்கத்தின் கொள்கையாலேயே நிறுத்தப்பட்டது. “இனி நாடு விசர்நாய்க் காடாகும்” என்று அன்று அஞ்சியவர்கள் பலர். ஆனால் நடந்தது என்ன? மரணம் பெருகவில்லை, மேலும் குறைந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் இருந்த இறப்பு, சில பத்துகளாக வந்து நின்றது. நோயை அடக்கியது தடியன்று, ஊசி என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

காரணமும் மறைபொருளன்று. ஒரு சந்தியில் பத்து நாய்களைக் கொன்றால் அச்சந்தியின் எச்சிற் சோறு அழிந்துவிடுவதில்லை. அதைத் தின்ன அயலூர் நாய்கள் வரும். எஞ்சிய பெட்டை நாய்கள் ஈன்ற குட்டிகளும் பிழைத்துப் பெருகும். வந்த நாய்க்கும் பிறந்த குட்டிக்கும் ஊசி இல்லை. கொல்லப்பட்ட பத்தில் ஊசி பெற்ற நாய்களும் இருந்திருந்தால், ஊர் தன் காவலரணைத் தானே இடித்ததாகும். ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டு, அந்த அளவைக் குறையவிடாமல் காத்தால், நோய் ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழியின்றி அவியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. மனிதருக்கு இந்நோயைக் கொண்டுவருவதும் ஏறத்தாழ முற்றிலும் நாய்களே. நூற்றில் தொண்ணூற்றொன்பது வரை நாயினால் வருபவை. ஆதலின் நாயிடத்தில் நோயைத் தடுத்தால் மனிதனிடத்தில் தடுத்ததாகும்.

இனி நம்மவர் கூறும் சாக்குகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

“என் நாய் படலை தாண்டுவதில்லை” என்பர் சிலர். படலை தாண்டாத நாயை நான் நீதிமன்றங்களிலே வாக்குமூலங்களில் மட்டுமே கண்டிருக்கிறேன். நாய் தாண்டாவிடினும், விசர் பிடித்த இன்னொரு நாயோ கீரியோ உள்ளே வரத் தடையென்ன? வேலி மனிதருக்கிடையேயான எல்லை; நோய்க்கு அது எல்லையன்று.

“ஒருமுறை போட்டாயிற்று; அது போதும்” என்பர் வேறு சிலர். போதாது. குட்டிக்கு மூன்று மாதமளவில் முதல் ஊசி. நோய் நடமாடும் இடங்களில் அதற்கு முன்னரே போடுவதும் தகும். அப்படி முந்திப் போட்டால் மூன்று மாதம் கடந்தபின் மீண்டும் போட வேண்டும். அடுத்தது ஓராண்டு நிறைவில். அதன் பின், சில ஊசிகளின் வலு மூன்றாண்டு வரை நிற்பது உண்மையே. ஆயினும் இந்நாட்டில் ஆண்டுக்கொருமுறை போடும் நியதி வீண் நியதியன்று. நம் நாய்களின் ஆயுள் குறுகியது. குட்டிகளின் வரவு பெரியது. இன்று நூற்றுக்கு எழுபதுக்குப் போட்டாலும், ஆண்டு முடிவதற்குள் ஊசி பெற்றவற்றுட் சில இறக்கும். ஊசி பெறாத குட்டிகள் பல பிறக்கும். எழுபது தானாகவே இறங்கிவிடும். வருடந்தோறும் வயல் வரம்பைக் கட்டும் கமக்காரனுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

“நாட்டு நாய்க்கு வைத்தியர் எதற்கு?” என்பது மூன்றாவது சாக்கு. இதைச் சொல்பவர்களிற் பலர் படித்த உத்தியோகத்தர்கள் என்பதே எனக்கு வேதனை. பெருவிலை கொடுத்து வாங்கிய சாதி நாயை மோட்டார் வண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லும் கனவான்கள், அதே வீட்டுப் பின்வளவில் காவல் காக்கும் ஊர் நாயைத் திரும்பியும் பாரார். நோய்க்கு நாயின் குலங்கோத்திரம் தெரியாது.

விசர் ஒன்றே நாயைக் கொல்லும் நோயுமன்று. டிஸ்டெம்பர், பார்வோ, ஈரலைத் தாக்கும் தொற்று ஆகிய மூன்றும் குட்டிகளை வாரிக்கொண்டு போகின்றன. இவற்றுக்கான ஊசியை ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு கிழமைக்கொருமுறை, பதினாறு கிழமை நிறையும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சத்து முதலூசிகளின் வேலையைத் தடுப்பதாலேயே இத்தனை முறை. ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் இன்னொன்று. அதன் பின் இம்மூன்றுக்கும் மூன்றாண்டுக்கொருமுறை போதும். எலிக்காய்ச்சலுக்கான ஊசியோ ஆண்டுதோறும் வேண்டும். எலிக்காய்ச்சல் எத்தகையது என்பதை 2024 ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணம் உயிர்களைக் கொடுத்து அறிந்தது. அக்கிருமியை எலியைப் போல் நாயும் மாடும் சிறுநீரில் விடக்கூடும். சேற்றில் வெறுங்காலுடன் இறங்கும் உழவன் இதை மறக்கலாகாது.

ஊசிக்குப் போகும் அந்த ஒரு நாள்தான் நாயை முழுதாகப் பார்க்கும் நாளும் ஆகும். நிறை குறைந்ததா, பல்லும் காதும் தோலும் எப்படி, உண்ணி பிடித்திருக்கிறதா, குடற்புழு உண்டா என்று வைத்தியர் பார்ப்பார். குட்டி நாயின் வயிற்றுப் புழுவின் முட்டை முற்றத்து மண்ணிற் கலந்து, அங்கே விளையாடும் குழந்தையின் வயிற்றுக்குச் செல்கிறது. ஏழெட்டு வயது கடந்த நாயை ஆண்டுக்கு இருமுறை காட்டுதல் நன்று. நாய் படுத்த படுக்கையான பின் வைத்தியரைத் தேடுவது, வழக்குத் தோற்றபின் சட்டத்தரணியைத் தேடுவது போன்றது.

“இது அரசாங்கத்தின் வேலை” என்பது கடைசிச் சாக்கு. அரசாங்கத்தின் வேலையும்தான், அதற்குப் பின்னர் வருகிறேன். ஆனால் உடையவனின் பொறுப்பை எந்த அரசாங்கமும் ஏற்காது. நம் பொதுச்சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்தில், வளர்ப்பு விலங்கு தன் இயல்புக்கு மாறாகப் பிறருக்கு ஊறு செய்தால், உடையவனிடம் ஈடு கேட்கும் வழக்கு நெடுங்காலமாக உண்டு. பாதுகாவலுக்கென்று நாய் வளர்ப்பவர்களே! அந்நாயே உங்கள் அயலவன் பிள்ளைக்கு யமனாக வருமாயின், நீதிமன்றம் விட்டாலும் உங்கள் மனச்சாட்சி விடுமா?

கடித்தபின் செய்வது என்ன என்பதிலும் நம்மவர் தடுமாறுகின்றனர். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவோரும், பார்வை பார்ப்பவரைத் தேடி ஓடுவோரும் இன்றும் உளர். காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் கழுவுக. உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்க. அங்கே ஊசிக்குப் பணம் இல்லை. ஆழக்காயமாயின் எதிர்ப்புச் சீரமும் தேவைப்படலாம். அதை வைத்தியர் தீர்மானிப்பார். கடித்தது வீட்டு நாய் என்றோ குட்டி என்றோ கீறல்தான் என்றோ தாமதிக்க வேண்டாம். கிருமி நரம்பின் வழியே மூளைக்கு ஊர்ந்து செல்லச் சில கிழமையும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். அந்த இடைவெளியிலேதான் உயிரைக் காக்கலாம். நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தபின் எந்த வைத்தியமும் பயன் தராது.

இப்பொழுது ஆட்சியாளரிடம் வருகிறேன். 2025 மே மாதம் 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. படலைதோறும் வந்து கைகூப்பினார்கள். படலையில் நின்று குரைத்த நாயை அவர்கள் கண்டிருப்பர்; அதற்கு ஊசி போட்டதா என்று கேட்டவர் எத்தனை பேர்? நாய்களைப் பதிவுசெய்யும் அதிகாரம் 1901 முதல் உள்ளூராட்சியின் கையில் உள்ளது. அதிகாரம் போதவில்லை என்று அனுதினமும் முழங்கும் நாம், கையிலிருக்கும் அதிகாரத்தைத் துருப்பிடிக்க விடலாமா? உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்திக் காட்டுபவனே இல்லாத அதிகாரத்தைக் கேட்கும் தகுதி உடையவன். மைய அரசும் தப்ப முடியாது. ஊசி மருந்து தட்டின்றிக் கிடைக்கவும், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யவும் வழி வகுக்காமல், “கொல்லாதீர்” என்று கட்டளை மட்டும் இடுவது பாதி நீதியே.

அன்று நான் எழுதிக்கொடுத்த மனு வேறு. அதில் கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் நாய்களைக் கணக்கெடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். ஊசி போடும் நாளையும் இடத்தையும் இரண்டு கிழமைக்கு முன்னரே கோயிலிலும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் அறிவிக்க வேண்டும். உடையவரில்லா நாய்களைப் பிடித்து ஊசியும் கருத்தடையும் செய்து விட வேண்டும். இம்மூன்றுக்கும் முன்னே, முதற் பந்தியாக, மனுதாரர்களின் உறுதிமொழி ஒன்றை வைத்தேன்: “கீழே ஒப்பமிட்ட நாங்கள், எங்கள் நாய்களுக்கு இம்மாத முடிவுக்குள் ஊசி போடுவோம்.”

வாசித்து முடிந்ததும் சிறிது நேரம் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. பின்பு ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் முதலில் ஒப்பமிட்டார். மற்றப் பதினொருவரும் தொடர்ந்தனர். அந்த மாத முடிவில், சனசமூக நிலையத்து வாசலில் மிருக வைத்தியர் வந்திருக்க, அறுபதுக்கு மேற்பட்ட நாய்கள் கயிற்றிலும் சங்கிலியிலும் சாக்கிலும் கொண்டுவரப்பட்டன. இரண்டு கைகள் மட்டுமே உயர்ந்த ஊர் அது!

தமிழ் மக்களே, உங்கள் ஊரில் எத்தனை கைகள் உயரும்? அடுத்த மனுவில் ஒப்பமிடுமுன் உங்கள் வளவு நாயின் ஊசிச் சீட்டைத் தேடிப் பாருங்கள். சீட்டு இல்லையாயின், பிரதேச சபைக்குப் போகும் வழியில் முதலில் மிருக வைத்தியரிடம் போங்கள்.