இளஞ்சுருட்டும் சோதிடரும்

கியூபச் சுருட்டைச் சுவைத்து எழுதுவோரிடையே ஒரு வாக்கியம் வாய்பாடாகவே ஆகிவிட்டது: "இப்போது இளமையாக உள்ளது, ஐந்தாண்டு வைத்திருங்கள், மலரும்." ஆலையை விட்டு வந்து ஆறு மாதமும் ஆகாத ஒரு சுருட்டைக் கொளுத்தி, முக்கால் மணி நேரத்தில் அதன் நிகழ்காலத்தை மட்டுமன்றி வருங்காலத்தையும் அறுதியிட்டுவிடுகிறார்கள். இதை இரசனை என்று ஏற்க நாம் மறுக்கிறோம். இது சோதிடம். சோதிடராவது பிறந்த நேரத்தைக் கேட்டபின்பே வாய் திறப்பார்.

(புகை உடலுக்குக் கேடு என்பதில் நமக்கு ஐயமில்லை, எவரையும் புகைக்கத் தூண்டுவதும் நம் நோக்கமன்று. வழக்கு சுவையைப் பற்றியது. அதனினும் மிகுதியாகத் தீர்ப்பைப் பற்றியது.)

பிறந்த நேரத்திலிருந்தே தொடங்குவோம். ஹவானாப் பெட்டியின் அடிப்பக்கத்தில் மாதமும் ஆண்டும் முத்திரையிடப்படுகின்றன. 'எனே' என்றால் சனவரி, 'அகோ' என்றால் ஆகஸ்டு. முன்னர் இதுவும் மறைமொழியாகவே இருந்தது. 1985 தொடங்கிப் பல ஆண்டுகள், 'நிவெல் அகுசோ' என்பதன் பத்து உரோமன் எழுத்துகளை எண்களுக்கு ஈடாக வைத்துத் தேதியைப் பொறித்தார்கள். இன்று அந்த மறைப்பு நீங்கிவிட்டது. ஆயினும் அந்தத் தேதி எதன் பிறந்த நாள்? சுருட்டு பெட்டிக்குள் போன நாள், அவ்வளவே. இலையின் வயது அதில் இல்லை.

பினார் தெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாஹோவில் பறிக்கப்படும் இலை, கொட்டகையில் கழிகளில் தொங்கி ஏறத்தாழ 50 நாள் உலர்கிறது. பின் அம்பாரமாகக் குவிக்கப்பட்டுத் தன் சூட்டிலேயே நொதிக்கிறது. நம் ஊர்ப் புகையிலைக்காரர் 'பாடம் செய்தல்' என்பது ஏறக்குறைய இதைத்தான். அம்மோனியாவின் பெரும்பகுதி வெளியேறுவது இங்கேதான். நடுநரம்பு நீக்கியபின் உள்ளிலைகளை மறுபடியும் குவித்து நொதிக்க வைப்பார்கள். அதன்பிறகு சிப்பங்களில் ஓய்வு. செடியின் அடிப்பகுதியில் விளையும் வோலாதோவுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம், நடுவிலுள்ள சேக்கோவுக்கு ஓராண்டும் அதற்கு மேலும், வெயிலை முழுதும் வாங்கித் தடித்த மேற்பகுதி இலையாகிய லிஹேரோவுக்குக் குறைந்தது ஈராண்டு என்பது மரபான கணக்கு. கோஹிபாவுக்கெனத் தெரியும் சேக்கோவும் லிஹேரோவும் மூன்றாம் முறையும் நொதிக்கின்றன. ஆக, 'இளஞ்சுருட்டு' என்று நாம் கையிலெடுப்பது வெவ்வேறு வயதுடைய இலைகளின் கூட்டு. அந்த லிஹேரோ ஈராண்டு நிரம்பிய கையோடு சுற்றப்பட்டதா, நான்காண்டு கிடந்ததா என்று முத்திரை சொல்லாது. 2022 செப்டம்பரில் இயன் சூறாவளி பினார் தெல் ரியோவில் ஆயிரக்கணக்கான உலர்த்தும் கொட்டகைகளைச் சாய்த்தது. இலையின் வரலாறு இப்படி ஆண்டுக்காண்டு மாறும்போது, 'இந்த வகை ஐந்தாண்டில் மலரும்' என்று பெயரை வைத்துப் பொதுவிதி சொல்வதற்கு என்ன அடிப்படை உண்டு?

நாம் காலத்தின் வேலையை மறுப்பவர் அல்லர். பெட்டிக்குள் அடங்கிய பின்னும் இலைகளில் மெல்லிய மாற்றம் தொடர்கிறது. எஞ்சிய அம்மோனியா கழிகிறது. நிக்கோட்டினின் கடுகடுப்பு தணிகிறது. தனித்தனியே பேசிய இலைகள் ஒரே குரலாகின்றன. இலண்டன் வணிகர்கள் ஹவானாவை வாங்கியதும் விற்காமல் கிடங்கில் வைத்து முதிரவிட்ட மரபு பொய்யன்று. 2003இல் வெளிவந்த மின் ரான் நீயின் கலைக்களஞ்சியம் முதிர்ச்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து, புதுச்சுருட்டு கடந்தாக வேண்டிய 'நோய்க்காலம்' ஒன்றையும் குறிக்கிறது. ஆனால் அது, 1959 புரட்சிக்குப் பிந்திய சுருட்டுகளை வகைவகையாகப் புகைத்துப் பார்த்த ஒருவரின் நூல். நம் சோதிடர்கள் அவருடைய கட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். அவர் பட்ட பாட்டை விட்டுவிட்டார்கள். அவர் முதிர்ந்த சுருட்டைப் புகைத்துவிட்டு எழுதினார். இவர்கள் இளையதைப் புகைத்துவிட்டு முதியதைப் பற்றி எழுதுகிறார்கள்.

ஓர் இளஞ்சுருட்டிலிருந்து நேர்மையாக எவ்வளவுதான் சொல்ல முடியும்? பர்த்தாகாஸ் சேரியே தே எண் 4 என்பதை எடுத்துக்கொள்வோம். நீளம் 124 மி.மீ.; வளைய அளவு 50, அதாவது அங்குலத்தின் 64இல் 50 பங்கு விட்டம். பெட்டித் தேதிக்கு ஏழாம் மாதத்தில் நாம் நால்வர் ஆளுக்கொன்றாகச் சுவைத்தோம். கொளுத்துமுன் மோந்தபோது தொழுவ நெடி. முதல் அங்குலத்தில் மிளகுக் காரம், நாவின் ஓரங்களில் காந்தல், மூக்கு வழியே புகையை விட்டால் சுரீரென்று அம்மோனியா. நடுப்பகுதியில் வறுத்த காப்பிக்கொட்டையும் பதனிட்ட தோலும் தெரிந்தன; ஆனால் காரத்தோடு கலவாமல், ஒரே பந்தியில் முகம் பார்க்காமல் அமர்ந்த சம்பந்திகளைப்போல. புகை வெளியேறியபின் சுவை நெடுநேரம் நின்றது. நால்வரில் ஒருவருக்கு வாய்த்தது மட்டும் இழுவையே இல்லாத கட்டை.

இதிலிருந்து நாம் சொல்லக்கூடியவை சில. அம்மோனியா போகும், அது ஐயமற்றது. காரம் தணியும். சுவை நெடுநேரம் நிற்பதால், காரம் தணிந்தபின்னும் எஞ்சுவதற்குப் பொருள் இருக்கிறது என்று நம்பலாம், நம்பத்தான் முடியும். அந்தக் காப்பியும் தோலும் ஐந்தாண்டில் இணையுமா, காரத்தோடு சேர்ந்து அவையும் மங்கிப்போகுமா என்பதற்கு அந்த நான்கு சுருட்டுகளில் விடை இல்லை. நான்காவதாகிய கட்டை, பத்தாண்டு கழித்தும் கட்டையாகவே இருக்கும்.

இந்தக் கட்டையைப் பற்றிச் சற்று நின்று பேசியாக வேண்டும். சோதிடம் செய்யும் பெருந்தீங்கு இங்கேதான் இருக்கிறது. ஹவானா ஆலைகளில் சுற்றுவோருக்கு ஒருவர் உரக்க நூல் வாசிக்கும் வழக்கம் 1865 முதல் உண்டு. மான்டிகிறிஸ்தோ என்ற பெயரே தூமாவின் நாவலிலிருந்து வந்தது. (தமிழ் படித்தவருக்குப் பொறாமை தரும் செய்தி.) கதை கேட்டுக்கொண்டே கைகள் உள்ளிலையை மடித்து, கட்டிலையால் கட்டி, மேலிலையைச் சுற்றுகின்றன. உள்ளிலை சற்று முறுகினாலும் காற்று போகாது. 1990களின் இறுதியில் உலகச் சந்தையின் வேட்கைக்கு ஈடுகொடுக்க உற்பத்தியைப் பெருக்கியபோது இத்தகைய கட்டைகள் பெருகின, புகைப்போர் நொந்துகொண்டார்கள். அதன் பிறகுதான், 2000களின் தொடக்கத்தில், மேலிலை சுற்றுமுன்பே இழுவையை அளக்கும் பொறி ஆலைகளில் பரவியது. குறையைக் குறை என்று சொன்னவர்களால் வந்த பொறி அது. 'வைத்திருங்கள், சரியாகும்' என்றவர்களால் வந்ததன்று. காலம் அம்மோனியாவை நீக்கும். முறுகிய இலையை அவிழ்க்காது. இவ்விரண்டையும் 'இளமை' என்னும் ஒரே சொல்லால் போர்த்துவது, வாங்கியவனை ஏமாற்றி ஆலையைக் காப்பது.

இன்னொரு வகையும் உண்டு. இளமையிலேயே மென்மையாய், வைக்கோலும் பாலேடும் போல் இனிக்கும் சுருட்டுகள். இவற்றையும் பத்தாண்டு பூட்டிவைக்கச் சொல்கிறார்கள். மென்மையானது இழப்பதற்கு அதிகம் வைத்திருப்பதில்லை. அதை நீண்டகாலம் வைத்தால் எஞ்சுவது சூடான காற்று. பழையது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது என்னும் வழக்கைத் தமிழில் உமாபதி சிவம் 14ஆம் நூற்றாண்டிலேயே சிவப்பிரகாசப் பாயிரத்தில் தீர்த்துவைத்துவிட்டார். நாம் அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

'ஆருடம் பலிக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும்' என்று கேட்கலாம். பலிக்கவில்லை என்பது எவருக்கும் தெரியவராது என்பதுதான் நம் குற்றச்சாட்டு. ஐந்தாண்டு கழித்து எந்தச் சுவைஞராவது தம் பழைய தீர்ப்பை எடுத்து வைத்து, அதே பெட்டியின் இன்னொரு சுருட்டைப் புகைத்து, இரண்டையும் அருகருகே அச்சிடுகிறாரா? மிகச் சிலர் செய்கிறார்கள், அவர்களை வணங்குகிறோம். ஏனையோர் அதற்குள் அடுத்த பெட்டிக்கு ஆருடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படியே எவரேனும் கேட்டாலும் விடை ஆயத்தமாக இருக்கிறது: 'உங்கள் ஈரப்பதம் சரியில்லை.' நூற்றுக்கு 65 முதல் 70 வரை ஈரப்பதம், 18 பாகையை ஒட்டிய குளிர் என்பன சான்றோர் வழக்கு. ஆண்டுக்கணக்கில் அதை நழுவவிடாமல் காத்தவர் எத்தனை பேர்? வாங்கியவன் தலையில் பழி. சொன்னவர் தலையில் பரிவட்டம்.

குடி முழுகாவிட்டாலும் பணம் முழுகுகிறது. 2022இல் கோஹிபா, திரினிதாத் ஆகியவற்றின் விலையை உலகெங்கும் ஹாங்காங் விலைக்கு ஏற்றினார்கள். சில சந்தைகளில் அது பன்மடங்கு ஏற்றம். ஒன்றைப் புகைக்க வேண்டியவன் இன்று ஒரு பெட்டியைப் பூட்டிவைத்து ஏலத்துக்குக் காத்திருக்கிறான். 'மலரும்' என்ற சொல் அவனுக்குச் சுவைக் குறிப்பன்று, வட்டிவீதம். இந்த இடத்தில் வணிகரே நம் சுவைஞரைவிட நேர்மையாக நடந்த ஒரு செயலைக் குறிப்பிட வேண்டும். 2015இல் ஹபானோஸ் நிறுவனம் 'அன்யெஹாதோஸ்' என்ற பெயரில், சுற்றியபின் கியூபாவிலேயே ஐந்து முதல் எட்டாண்டு வரை வைத்திருந்த சுருட்டுகளை விற்கத் தொடங்கியது. அவற்றின் சுவை பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. நமக்கும் பெரிய வியப்பு தோன்றவில்லை. ஆனால் அங்கே விற்கப்பட்டது நடந்து முடிந்த காலம். வாக்குறுதியன்று.

சுவைப்பதையே தொழிலாகக் கொண்டோர் ஹவானா ஆலைகளிலேயே இருக்கிறார்கள். 'கத்தாதோர்' என்பது அவர்கள் பெயர். அன்றன்று சுற்றிய சுருட்டுகளிலிருந்து எடுத்துப் புகைத்து இழுவை, எரிதல், மணம், சுவை, வலிமை ஆகியவற்றுக்கு மதிப்பிடுகிறார்கள். நாள்தோறும் இளஞ்சுருட்டையே புகைக்கும் அந்த நாவுகளைவிட அதனை நன்கறிந்த நாவு உலகில் வேறில்லை. இழுவை சரியில்லை என்று அவர்கள் குறித்தால் அது சுற்றியவரின் மேசைக்கே திரும்பிப் போகிறது.