முதலில் தெரிந்துகொண்டவரே குற்றவாளியா?

எச்.ஐ.வி.யைத் தெரிந்தே பரப்பியவரைச் சிறையில் தள்ள வேண்டும் என்ற கோபம் நாமக்கல்லுக்குப் புதிதல்ல. இங்கே லாரி ஓட்டுநருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர் கௌசல்யா. கணவரிடமிருந்து தொற்றைப் பெற்ற அவர், 1998இல் தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். தொற்றை மறைத்துத் தாலி கட்டுவது துரோகம். அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை.

துரோகத்தைத் தண்டிக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நோயைக் கவனக்குறைவாகப் பரப்பினால் ஆறு மாதம் வரையும், கெட்ட எண்ணத்தோடு பரப்பினால் இரண்டு ஆண்டு வரையும் சிறை என்கின்றன பாரதிய நியாய சன்ஹிதாவின் 271, 272ஆம் பிரிவுகள். எச்.ஐ.வி.க்கென்றே தனிக் குற்றப்பிரிவு வேண்டும் என்பதைத்தான் எதிர்க்கிறோம்.

காரணம், இங்குள்ள குடும்பங்களில் தொற்று வெளிப்படும் விதம். கர்ப்பமான பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அவளுக்குத்தான் முதலில் தெரியவருகிறது. கணவன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருப்பான். அவன் பரிசோதனை செய்துகொண்டதே இல்லை. "இவதான் கொண்டாந்துட்டா" என்று மாமியார் வீடு பேசத் தொடங்கும். தெரிந்திருப்பதே குற்றத்தின் அடிப்படை என்றால், முதலில் கூண்டில் ஏறுபவள் அவள்தான். பரிசோதனையைத் தட்டிக்கழித்தவன் தெரியாது என்று சொல்லித் தப்பிவிடுவான். பிறகு யார் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் படியேறுவார்கள்?

2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. தொற்றுள்ளவர் பிறருக்குப் பரவாமல் காக்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அதன் 10ஆம் பிரிவு. சொன்னால் அடிப்பார்கள், கைவிடுவார்கள் என்று அஞ்சும் பெண்ணுக்கு விலக்கும் தருகிறது.

பொறுப்பு என்பது இருவருக்கும் உரியது. ஆணுறை அணிவதும், கல்யாணத்துக்கு முன் இருவரும் பரிசோதித்துக்கொள்வதும், வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிடுவதும் பொறுப்புதான். மருந்தால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதை மருத்துவ ஆய்வுகள் உறுதிசெய்துவிட்டன. அந்த மருந்தை அரசு இலவசமாகவே கொடுக்கிறது.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் லாரி உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் ஓட்டுநர்களுக்கு ரகசியம் காக்கும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யட்டும். மனைவிக்குத் தொற்று தெரிந்த அன்றே கணவனையும் பரிசோதனைக்கு அழைக்கச் சுகாதாரத் துறை முனையட்டும். நோயைத் தடுப்பது இதுதான்.