குறைந்த வழக்கு, நிறைந்த பாதுகாப்பா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளியானதும், எந்தப் பெருநகரம் பாதுகாப்பானது என்ற போட்டி தொடங்கிவிடுகிறது. கொல்கத்தா மார்தட்டுகிறது, டெல்லி வசைக்கு ஆளாகிறது. ஆனால், இந்த அறிக்கை எண்ணுவது நடந்த குற்றங்களை அல்ல, பதிவான வழக்குகளை. குற்றம் பெருகுவதும் வழக்குப்பதிவு பெருகுவதும் வெவ்வேறு என்று காப்பகமே எச்சரிக்கிறது.

வாகனத் திருட்டுக்கு இணையவழியில் புகார் அளிக்கும் வசதியை டெல்லி காவல்துறை 2015-இல் கொண்டுவந்தது. புகார் அளிப்பது எளிதானால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். 2020-இல் ஊரடங்கு மீறல் வழக்குகள் தமிழகத்தின் கணக்கை வீங்கவைத்தன. பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்ற விகிதத்துக்கும் 2011 மக்கள்தொகையே அடிப்படையாக இருந்துவந்திருக்கிறது. அதன்பின் வேகமாக வளர்ந்த நகரங்களின் விகிதம் மிகையாகவே தெரியும்.

மறைக்கக் கடினமான கொலை வழக்குகளை ஒப்பிடுவது ஓரளவு நம்பகமானது. மற்றவற்றுக்கு, பாதிக்கப்பட்டோரை வீடுவீடாகக் கேட்டறியும் ஆய்வை மத்திய அரசு முறையாக நடத்த வேண்டும். வழக்குகளின் எண்ணிக்கையை வைத்துக் காவல் நிலையங்களை எடைபோடும் வழக்கமும் ஒழிய வேண்டும். இல்லையேல், புகாருடன் வருபவரைத் திருப்பி அனுப்பும் நகரமே பட்டியலில் பாதுகாப்பான நகரமாகிவிடும்.