டிக்... டிக்... சத்தம் கேட்டால்!



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறேன், ஆலங்குடியிலிருந்து நாத்தனாரின் போன்.

"அண்ணி, கம்ப்யூட்டருக்குள்ளே பல்லி கத்துற மாதிரி டிக் டிக்குன்னு சத்தம் கேக்குது. ஒரு படத்தைத் திறக்கிறதுக்குள்ளே காபி போட்டுக் குடிச்சிடலாம், அவ்வளவு நேரம் ஆகுது. கடையில கேட்டா, ஹார்டு டிஸ்க் போச்சு, பெட்டியைக் கொண்டாந்து போட்டுட்டுப் போங்கன்னு சொல்றாங்க. போட்டுட்டு வந்திடட்டுமா?"

"முதல்ல அதை நிறுத்து. எங்கேயும் கொண்டு போகாதே. நான் வர்றேன்" என்றேன்.

ஏன் இத்தனை பதற்றம் என்கிறீர்களா? நான் சூடு பட்டவள். சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பெட்டியிலும் இதே சத்தம் வந்தது. ஒரு கடையில் கொடுத்தோம். இரண்டே நாளில் புது டிஸ்க் போட்டுத் தந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் குதிரையாக ஓடியது. படங்கள் எங்கே என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை. பழைய டிஸ்க்கைக் கேட்டேன். "அது வேஸ்ட்டும்மா, கழிச்சுட்டோம்" என்றார்கள். என் பெண் தவழ்ந்தது, முதல் மொட்டை, மாமியார் தாலாட்டுப் பாடியது எல்லாம் அதோடு போயிற்று. கடைக்காரரையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. ரிப்பேர் பண்ணச் சொன்னோம், பண்ணினார். படங்களைக் காப்பாற்றுங்கள் என்று நாங்கள் வாயைத் திறந்து சொல்லவே இல்லையே!

நாத்தனாருக்கு இழப்பு இன்னும் பெரிதாயிருக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவள் வீட்டு ஓடுகள் பறந்து, மழையில் நனைந்த கல்யாண ஆல்பம் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப் போயிற்று. தோப்பு நின்ற நிலையும், தோப்பில் கைகட்டி நின்ற அவள் மாமனாரும் (இப்போது அவரும் இல்லை) இந்த டிஸ்க்கில் மட்டும்தான் பாக்கி.

டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? பளபளவென்று கண்ணாடி மாதிரித் தட்டு ஒன்றோ இரண்டோ நிமிஷத்துக்கு 5400 தடவை, 7200 தடவை என்று சுழல்கிறது. அதன்மேல் ஒரு குட்டிக் கை, தலைமயிர்த் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், தட்டைத் தொடாமல் மிதந்தபடியே படிக்கிறது. தொட்டால் கீறல்தான். டிக் டிக் சத்தம் பெரும்பாலும் அந்தக் கை தடுமாறுகிற சத்தம். மூடி மூடித் திறந்து பார்த்தால் கீறல்தான் பெருகும். டிஸ்க்கின் மூடியைத் திறப்பதோ, யாரோ சொன்னார்கள் என்று ஃப்ரிட்ஜில் வைப்பதோ கூடவே கூடாது.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனி 1956-இல் கொண்டுவந்தபோது, ஐம்பது பெரிய தட்டுகளும் சேர்ந்து ஏறக்குறைய 5 மெகாபைட்தான் கொண்டன. இன்றைய செல்போன் படம் ஒன்றிரண்டுக்கே சரியாகிவிடும்!

ஆலங்குடிக்குப் போய் நாங்கள் முதலில் செய்தது பெட்டியைத் திறப்பதல்ல. வெளியிலே செருகுகிற யூ.எஸ்.பி. டிஸ்க் ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும், சினிமாப் பாட்டெல்லாம் கிடக்கட்டும் என்று, மாமனார் படங்கள், பிள்ளைகள் படங்கள், பத்திர நகல்கள் என்ற வரிசையில் பிரதி எடுத்தோம். எந்தப் படம் நகர மறுத்ததோ அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனோம். மத்தியானம் ஆரம்பித்தது விளக்கு வைக்கிற நேரத்தில்தான் முடிந்தது. பதினோரு படங்கள் வரவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டது. உங்கள் டிஸ்க் விடாமல் டிக்கடித்து, கம்ப்யூட்டர் அதை அடையாளமே காணவில்லை என்றால் இந்த முயற்சியும் வேண்டாம். நிறுத்தி எடுத்து வையுங்கள். படங்களை மீட்பதற்கென்றே இருக்கிறவர்களிடம்தான் போகவேண்டும், செலவும் அதிகம்.

மறுநாள்தான் பெட்டியில் கை வைத்தோம். "அண்ணி, நாமளா? ஷாக் அடிச்சா?" என்று அவள் இரண்டடி பின்னால் போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1991-92-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எனக்குப் பதினேழு வயது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் குழந்தையை முன்னால் உட்கார்த்திக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! "பொம்பளைக்கு எதுக்குடி சைக்கிள்" என்ற வாய்களும் இருந்தன. செயின் கழன்றால் மாட்டிக்கொள்ள அன்றைக்கே பழகினேன். கையெல்லாம் கரியாகும். இந்தப் பெட்டியில் அந்தக் கரிகூட இல்லையே!

ஷாக் அடிக்காமலிருக்க வழி சுலபம். கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பிறகு முன்பக்கப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால் மிச்சமிருக்கிற மின்சாரமும் வடிந்துவிடும். ஒயர் வந்து நுழைகிற சதுர டப்பாவை, எஸ்.எம்.பி.எஸ். என்பார்களே, அதைமட்டும் எந்தக் காலத்திலும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். நைலெக்ஸ், பாலியஸ்டர் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்; பருத்திச் சேலை நல்லது. வளையலைக் கழற்றி, தலைப்பை இழுத்துச் செருகி, உள்ளே கை விடும்முன் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் போய்விடும்.

பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவைத் திருப்பினால் பக்கவாட்டுத் தகடு கழன்று வரும். நாத்தனார் பெட்டியில் தூசியோடு பல்லி முட்டை மூன்று! மூக்கில் துணி கட்டி, வாசலில் வைத்துத் துடைத்தோம். வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருந்தால் தூரமாய் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

ஒயரைக் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பெரிய புத்திசாலித்தனம். டிஸ்க்குக்குப் போவது இரண்டே ஒயர்: ஒன்று மின்சாரம், ஒன்று செய்தி. செய்தி ஒயர் விரல் அகலத்துக்கும் மெலிந்திருந்தால் சாட்டா வகை. நாடா மாதிரி அகலமாயிருந்தால் ரொம்பப் பழைய ஐ.டி.ஈ. வகை, அதற்குப் புது டிஸ்க் கிடைப்பது சிரமம், பெட்டியையே மாற்றுவது மேல். 2012-இல் வாங்கிய நாத்தனார் பெட்டி சாட்டாதான். முனை 'எல்' எழுத்துப்போல் வளைந்திருக்கும். ஒரே பக்கமாகத்தான் நுழையும், பலவந்தம் தேவையில்லை.

புதுசாக எஸ்.எஸ்.டி. வாங்கினோம். சுழலுகிற தட்டு எதுவும் கிடையாது, அதனால் சத்தமில்லை, வேகமும் அதிகம். பழைய டிஸ்க் மூன்றரை அங்குலம், இது இரண்டரை. கடையில் கேட்டால் இடைச்சட்டம் தருவார்கள். ஸ்க்ரூவும் வேறு, மெல்லிய மரை. பழைய ஸ்க்ரூவை இதில் முறுக்கினால் மரை கெடும். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள். பெரிதாக இருக்கட்டுமே என்று 2 டி.பி.க்கு மேல் வாங்கிவிடாதீர்கள். பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அவ்வளவு பெரிய டிஸ்க்கிலிருந்து கிளம்பத் தெரியாது.

அவள் கம்ப்யூட்டர் தினமும் தேதியைத் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், அது தீர்ந்திருந்தது. அதையும் மாற்றினோம். இங்கேதான் சின்னக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் காது கொடுக்கவேண்டும். கழற்றிய பேட்டரியை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினால், நாத்தனாரின் ஒன்றரை வயசுப் பேரன் எட்டி எடுக்கப் பார்க்கிறான்! எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. இதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் அப்படித்தான். முதலில் ஒன்றுமே தெரியாது. அப்புறம்தான் எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், சோறு வாழைப்பழம் என்று எதையும் ஊட்டாமல், எக்ஸ்-ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும்கூட இதே மாதிரிப் பேட்டரிகள் இருக்கின்றன. டிஸ்க் போனால் படம்தான் போகும்.

எல்லாம் மாட்டி, தகட்டை மூடுவதற்கு முன்னாலேயே ஒருமுறை போட்டுப் பார்த்தோம். உள்ளே கை விடாமல்தான்! முதல் திரையில், பயாஸ் என்பார்கள், புது டிஸ்க்கின் பெயர் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. புது டிஸ்க் வெறும் பாத்திரம். இயங்குவதற்கான மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஏற்றவேண்டும். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதன் அடுத்த பதிப்பு இத்தனை பழைய பெட்டிக்கு ஏற்காது. அதனால் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்பதும் லினக்ஸ் வகைதான். படம் பார்க்க, கடிதம் அடிக்க, பிள்ளைகள் பாடம் கேட்கத் தாராளமாய்ப் போதும். பென் டிரைவைத் தயார் பண்ண என் தம்பி மகன் உதவினான். அதுமட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பழைய டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அழித்துவிட்டதாக நாம் நினைப்பதையெல்லாம் தெரிந்தவர்கள் தோண்டி எடுத்துவிட முடியும். நாத்தனார் அதைத் துணியில் சுற்றி, தேதி எழுதி, பீரோவில் வைத்துவிட்டாள். வராத பதினோரு படமும் அதில்தானே இருக்கிறது! யூ.எஸ்.பி. டிஸ்க்கில் எடுத்த பிரதியைத் திருச்சியிலிருக்கும் மகளிடம் கொடுத்தனுப்பினாள். வீட்டிலேயே இரண்டையும் வைத்தால் இன்னொரு புயல் வரும்போது இரண்டும் சேர்ந்து நனையுமே.

நேற்று மறுபடி போன். "அண்ணி, பக்கத்து வீட்டு டீச்சர் பெட்டியிலயும் டிக் டிக்குங்குதாம். நானே போய்ப் பாக்கட்டுமா?"

"வளையலைக் கழட்டிட்டுப் போ" என்றேன்.